அம்மீட்டர் யார் கையில்? எங்கள் பள்ளிக்கு வந்த ஒரு பயிற்சியைப் பற்றி

பெண் பிள்ளைகளுக்காக அறிவியல் சம்பந்தமாகப் பள்ளியில் ஏதாவது பயிற்சி நடத்தலாமா என்று யோசிக்கிற தலைமை ஆசிரியர்களுக்காகவும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மதுரையில் ஒரு கல்வியியல் கல்லூரியில் அறிவியல் கற்பித்தல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, கூப்பிடுகிற பள்ளிகளுக்கு நேரில் போய் இந்தப் பயிற்சியைத் தருகிறார். போன கல்வியாண்டில் எங்கள் பள்ளிக்கு வந்தார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பேராசிரியர் என்றே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாகக் கூப்பிடலாம். குறைகள் இல்லாமல் இல்லை. அவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

எங்களுடையது செக்கானூரணிப் பக்கம் உள்ள அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை, ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிறார்கள். நான் ஒன்பதுக்கும் பத்துக்கும் அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளில் நிறைய பேர் வீட்டில் மல்லிகைத் தோட்டம் உண்டு, அல்லது அடுத்தவர் தோட்டத்தில் பூ எடுக்கப் போவார்கள். சீசனில் விடிவதற்கு முன்னால் மொட்டு எடுத்து, மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, அப்புறம்தான் குளித்துவிட்டுப் பள்ளிக்கு வருவார்கள். இது ஏன் இங்கே வருகிறது என்று பின்னால் புரியும்.

இதற்கு முன்னால் வேறொரு நிறுவனம் மகளிர் தினத்தை ஒட்டி எங்களிடம் வந்திருக்கிறது. ஒரு மணி நேரம் பேசினார்கள், பெண் பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்து 'உங்களால் முடியும்' என்று கைதட்டச் சொன்னார்கள், ரோஸ் கலரில் சான்றிதழ் கொடுத்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் ஆய்வகத்தில் ஒன்றும் மாறவில்லை. அந்த அனுபவம் இருந்ததால் இந்தப் பேராசிரியரைப் பற்றிச் சொன்னபோது எங்கள் ஹெச்.எம். உடனே சரி என்று சொல்லவில்லை. "இவங்க பேச மாட்டாங்களாம் சார், முதல்ல வந்து சும்மா உட்கார்ந்து பார்ப்பாங்களாம்" என்று சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

உண்மையிலேயே அப்படித்தான். வேலை மூன்று கட்டமாக நடக்கும். முதலில் ஒரு முழு நாள் பள்ளியைப் பார்ப்பார். அடுத்து ஆசிரியர்களோடு ஒரு நாள். சில வாரம் கழித்துத் திரும்ப வந்து என்ன நடக்கிறது என்று பார்ப்பார். முதல் கட்டம்தான் இதில் பெரிய விஷயம், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அரப்பாளையத்தில் பஸ் ஏறி, காலை வழிபாட்டுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். கையில் ஒரு அட்டை, பென்சில், ஒரு பழைய ஸ்டாப் வாட்ச். பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கட்டம் கட்டமாக வரைந்துகொண்டார். ஆசிரியர் யாரிடமாவது கேள்வி கேட்டால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. பதிலுக்கு ஆசிரியர் என்ன சொன்னார் என்பதற்கு ஒரு குறி: பாராட்டு, திருத்தம், கண்டிப்பு, வெறும் 'ம், சரி'. இந்த நாலு வகைப் பிரிப்பு வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களாக இருந்த மைரா சாட்கர், டேவிட் சாட்கர் தம்பதியுடையது என்று பிறகு சொன்னார். 1980களில் நூற்றுக்கும் மேற்பட்ட வகுப்பறைகளைப் பார்த்து அவர்கள் எழுதியது என்னவென்றால், பையன்களுக்குத் திட்டும் கிடைக்கிறது, நல்ல பாராட்டும் கிடைக்கிறது, எங்கே தப்பு என்ற விளக்கமும் கிடைக்கிறது. பெண்களுக்கு அதிகம் கிடைப்பது அந்த 'ம், சரி'தான்.

மதியம் செய்முறை வகுப்பு. மின்தடை எண் கண்டறிதல். ஒரு மேசைக்கு ஐந்து பேர்: மின்கலம், சாவி, மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கிற ரியோஸ்டாட், மின்னோட்டம் அளக்கிற அம்மீட்டர், மின்னழுத்தம் அளக்கிற வோல்ட் மீட்டர், கம்பியின் தடிமன் அளக்கிற திருகு அளவி, கொஞ்சம் கம்பி. பேராசிரியர் ஒரு மேசைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் எழுதிய தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. சாவியைப் போட்டது பையன். கம்பியை இணைத்தது பையன். திருகு அளவியைத் திருகியது இன்னொரு பையன். "ரீடிங் சொல்லுடா" என்று கேட்டு நோட்டில் எழுதியது இரண்டு பெண்கள். அவர்களில் ஒருத்தி அம்மீட்டரை எட்டிப் பார்க்கக்கூட இல்லை. அவளுக்கு முன்னால் ஒரு முதுகு இருந்தது. மணி அடித்ததும் பையன்கள் கிரவுண்டுக்கு ஓடினார்கள். கம்பிகளைச் சுருட்டி, மேசையைத் துடைத்து, கதவு மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்தது பெண்கள். யாரும் அவர்களைக் கூட்டச் சொல்லவில்லை. அதுதான் பேராசிரியரின் தாளில் அடிக்கோடு போட்டிருந்த வரி: 'யாரும் சொல்லவில்லை.'

வகுப்போடு நிற்கவில்லை அவர். விழா என்றால் கோலம் போடுவது யார், பன்னீர் தெளித்து வரவேற்பது யார், மைக் செட்டும் நாற்காலியும் தூக்குவது யார் என்று விசாரித்தார். கடைக்கு சாக்பீஸ் வாங்க யாரை அனுப்புகிறீர்கள், ஸ்டாஃப் ரூமில் டீ டம்ளர் கழுவுவது யார், ஸ்மார்ட் போர்டு கோளாறு ஆனால் எந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிறீர்கள் என்றெல்லாம் கேட்டார். கழிப்பறைப் பக்கமும் போய்ப் பார்த்தார், தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். ஆய்வகத்தில் நடப்பது ஆய்வகத்தில் ஆரம்பிப்பதில்லை என்பது அவருடைய கட்சி. நாள் முழுக்க 'இது உன் வேலை, அது அவன் வேலை' என்று பள்ளியே பிரித்துக் கொடுத்துவிட்டு, செய்முறை வகுப்பில் மட்டும் எல்லோரும் சமம் என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். எனக்கு இது நூற்றுக்கு நூறு சரியாகப் பட்டது.

கடைசிப் பீரியடில் எட்டாம் வகுப்புக்குப் போய் ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்து, ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்னார். தாடி, கண்ணாடி, வெள்ளைக் கோட்டு, கையில் புகை வருகிற குடுவை. அப்துல் கலாமின் தலைமுடியைப் பல பேர் அச்சாக வரைந்திருந்தார்கள், அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பெண் விஞ்ஞானி விரல் விட்டு எண்ணுகிற அளவில்தான் இருந்தார். வரைந்தது எல்லாம் பெண் பிள்ளைகள். இது உலகம் முழுக்க நடக்கிற ஒரு சோதனை. டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 1983இல் வெளியிட்ட கட்டுரையில் 4,807 குழந்தைகளின் படங்களைப் பார்த்திருக்கிறார். அதில் பெண் விஞ்ஞானியின் படம் 28தான். அந்த 28ஐயும் வரைந்தது பெண் குழந்தைகள். ஆனால் இது மாறாத விதி ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் ஐம்பது வருடங்களில் நடந்த 78 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் ஒரு கட்டுரை வந்தது. 1985 முதல் 2016 வரையிலான ஆய்வுகளில் சராசரியாக 28 சதவீதக் குழந்தைகள் பெண்ணை வரைந்திருக்கிறார்கள்.

இப்போது ஆசிரியர்கள் நாள். இதில்தான் சண்டையும் வந்தது. எங்கள் கணக்கு சார் எழுந்து, "மேடம், தப்பா நினைக்காதீங்க. வருஷா வருஷம் பத்தாவதுலயும் பன்னிரண்டாவதுலயும் பொம்பளப் பிள்ளைங்கதான் தேர்ச்சி விகிதத்துல முன்னாடி நிக்கிறாங்க. பையன்கள்தான் பின்தங்குறாங்க. அப்புறம் எந்த சமத்துவத்தப் பத்திப் பேசறோம்?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் எந்தப் பள்ளியில் இந்தப் பேச்சை எடுத்தாலும் இந்தக் கேள்வி வரும், வர வேண்டும்.

பேராசிரியர் மழுப்பவில்லை. முந்தின நாள் தாளையே எடுத்து மேசை மேல் வைத்தார். "சார், நோட்டுல எழுதுனது பொண்ணு. அதனால அவளுக்கு விடை தெரியும், மார்க் வரும். ஆனா பாலிடெக்னிக்ல ஒரு மல்டிமீட்டரக் கையில கொடுத்தா நடுங்குவா. கம்பி இணைச்சது பையன். அவனுக்குக் கை வருது. ஆனா ஒரு வரி எழுதிப் பார்க்கல, பரீட்சையில கோட்டை விடுறான். ஒரே மேசையில ரெண்டு பேருக்கும் பாதிப் பாடம்தான் போயிருக்கு" என்றார். கணக்கு சார் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வரைக்கும் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கேட்டால் இந்தப் பயிற்சியின் சாரமே இந்தப் பதில்தான். பெண்ணுக்கு நல்லது செய்தால் பையனுக்கு நஷ்டம் என்கிற பயத்தோடுதான் நம்மில் பாதிப் பேர் இந்தத் தலைப்புக்கே வருகிறோம். எஸ்.எஸ்.எல்.சி. அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண், எழுத்துக்கு 75. செய்முறையை ரெக்கார்ட் நோட்டாகவும் ஒப்பேற்றிவிடலாம் என்று பழகிவிட்டோம். யார் கை எதைத் தொட்டது என்று மதிப்பெண் பட்டியல் காட்டாது.

அன்று சொன்ன ஆய்வுகளில் மனதில் நின்றவை இன்னும் சில. புளோரிடா பல்கலைக்கழகத்தில் அறிவியல் கல்விப் பேராசிரியராக இருந்த மேரி பட் ரோ, கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று ஒலிப்பதிவு செய்து அளந்தவர். சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடி ஆக்கினாலே பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய் திறக்காதவர்கள் பேசுகிறார்கள். நன்றாகப் படிக்கிறவர்கள் என்று ஆசிரியர் நினைக்கிற பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் கிடைக்கிறது என்பதையும் அவர் 1970களிலேயே எழுதியிருக்கிறார். இன்னொருவர் ஜேன் பட்லர் கேல். பர்டியூ பல்கலைக்கழகத்திலும் பிறகு ஒஹாயோவில் உள்ள மயாமி பல்கலைக்கழகத்திலும் அறிவியல் கல்விப் பேராசிரியர். பெண்கள் ஏன் அறிவியலை விட்டுப் போகிறார்கள் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, பெண்களைத் தக்க வைக்கிற ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள் என்று போய்ப் பார்த்தவர். அந்த வகுப்புகளில் செய்முறையும் கலந்துரையாடலும் அதிகம், பெண்களை மட்டம் தட்டும் பேச்சு கிடையாது, இந்தப் படிப்பு படித்தால் என்ன வேலைக்குப் போகலாம் என்று ஆசிரியரே சொல்கிறார். கேட்டால் சாதாரணமாகத் தெரியும். ஆனால் எதைச் செய்ய வேண்டும் என்று தெரிகிறதே, ஆசிரியருக்கு அது போதும்.

மகளிர் தினத்துக்கு ஆள் கூப்பிடுகிற பள்ளிகள் கேட்க வேண்டியது இங்கிலாந்தின் மான்செஸ்டர் கதை. 1979இல் தொடங்கிச் சில வருடம், அங்கே பத்துப் பள்ளிகளில் பெண்களை இயற்பியல், தொழில்நுட்பம் பக்கம் கொண்டுவர ஒரு திட்டம் நடந்தது. பெண் விஞ்ஞானிகளையும் பொறியாளர்களையும் வகுப்புக்கே அழைத்து வந்தார்கள். பிள்ளைகளின் மனப்போக்கு மாறியது. ஆனால் மேல் வகுப்பில் என்ன பாடம் எடுப்பது என்ற தேர்வில் பெரிய மாற்றம் வரவில்லை. ஆய்வகத்தில் கருவிகளைப் பையன்களே பிடித்துக்கொள்கிறார்கள் என்று அவர்களும் எழுதியிருக்கிறார்கள். நிகர் ஷாஜியின் படம் எங்கள் ஆய்வகச் சுவரில் இருக்கிறது. செங்கோட்டையில் பள்ளிப் படிப்பு, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் பட்டம், சூரியனை ஆராய இஸ்ரோ 2023 செப்டம்பர் 2இல் ஏவிய ஆதித்யா எல்1 விண்கலத்துக்குத் திட்ட இயக்குநர். அந்தப் படம் அங்கே இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்குக் கீழே நிற்கிற பெண் கையில் அம்மீட்டர் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

என்ன மாறியது என்று கேட்பீர்கள். செய்முறையில் ஒவ்வொரு மேசையிலும் வேலை அட்டை போட்டுக் கொடுத்தார்: இணைப்பவர், அளப்பவர், எழுதுபவர், சந்தேகம் கேட்பவர், ஒழுங்குபடுத்துபவர். ஒவ்வொரு சோதனைக்கும் அட்டை அடுத்தவர் கைக்குப் போகும். கேட்க எளிது. முதலில் பையன்கள் எழுதுகிற அட்டையைக் கையில் வாங்கவே கூச்சப்பட்டார்கள்.

அடுத்தது, செய்முறை நேரத்தில் ஆசிரியர் கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது. பையன் தடுமாறினால் எப்படி என்று சொல்லிக் கொடுக்கிறோம், பெண் தடுமாறினால் வாங்கி நாமே செய்து கொடுத்துவிடுகிறோம் என்பது பல ஆய்வுகளில் வந்த விஷயம். எங்கள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் வோல்ட் மீட்டரைப் பக்க இணைப்பில் வைக்காமல் தொடராக மாட்டிவிட்டாள். அம்மீட்டர் முள் அசையவில்லை. "டீச்சர், மீட்டர் கெட்டுப்போச்சு" என்றாள். பக்கத்து மேசைப் பையன் கையை நீட்டிக்கொண்டு வந்தான். திரும்ப வந்திருந்த பேராசிரியர் அவனை நிறுத்தி, "ஏம்மா, கரண்ட் எந்த வழியா வருது, விரல் வச்சுக் காட்டு" என்று மட்டும் கேட்டார். அவள் சாவியில் ஆரம்பித்து விரலால் கம்பியைத் தடவிக்கொண்டே வந்தாள். வோல்ட் மீட்டரில் வந்ததும் விரல் நின்றது. "இதுக்குள்ள போகுமா டீச்சர்?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவளே திருகைத் தளர்த்திக் கம்பியைக் கழற்றி, மின்தடையின் இரண்டு முனையிலும் மாட்டினாள். முள் நகர்ந்தது. வோல்ட் மீட்டருக்கு மின்தடை ஏன் அதிகம் என்ற பாடத்தை அந்த மேசைக்கு நான் மறுபடி நடத்த வேண்டி இருக்கவில்லை.

மல்லிகை விஷயத்துக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பில் முதல் பீரியடில் சில பெண்களுக்கு மட்டும் கண் சொக்குவதைப் பேராசிரியர் கவனித்திருக்கிறார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து பேசிய பிறகுதான் பூ எடுக்கப் போகிற கதை வெளியே வந்தது. பையன்கள் சிலரும் போவார்கள், ஆனால் திரும்பி வந்து தண்ணீர் பிடித்துச் சோறு வைப்பது பெண்கள்தான். சீசன் மாதங்களில் முதல் பீரியடில் அறிவியல் வேண்டாம், செய்முறையை மதியத்துக்குத் தள்ளுங்கள் என்றார். கால அட்டவணையை மாற்றுவது எவ்வளவு பெரிய தலைவலி என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். ஹெச்.எம். மாற்றிக் கொடுத்தார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத இந்த யோசனை, பள்ளியில் வந்து உட்கார்ந்ததால்தான் கிடைத்தது.

சரி, குறைகள். கையில் கொடுக்கிற தாள்கள் மோசம். நகலுக்கு நகல் எடுத்து எழுத்து தேய்ந்திருக்கிறது, அதோடு 'வகுப்பறை இடைவினைப் பதிவேடு' என்கிற மாதிரி வாயில் நுழையாத தமிழ். பேசும்போது இவ்வளவு அழகாகப் பேசுகிறவர் தாளில் ஏன் இப்படி எழுத வேண்டும்? உதாரணங்களில் அமெரிக்காவும் இங்கிலாந்தும் அதிகம். மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் சுக்ரா சூனாவாலா போன்றவர்கள் இதே விஷயத்தில் நம் நாட்டுப் பள்ளிகளை வைத்து வேலை செய்திருக்கிறார்கள். அவரைப் பற்றிப் பேராசிரியர் ஒரு வாக்கியத்தோடு போய்விட்டார். நம் சமச்சீர்ப் பாடநூலைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, படங்களில் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருக்கலாம். அதுவும் இல்லை.

எனக்குப் பெரிய மனக்குறை சாதி. எங்கள் பிள்ளைகள் ஆண், பெண் என்று மட்டும் பிரிந்து உட்கார்வதில்லை, தெரு வாரியாகவும் உட்கார்கிறார்கள். எந்தப் பெண் முதலில் பேசுகிறாள், எந்தப் பெண் கடைசி வரை வாய் திறப்பதில்லை என்பதில் அதுவும் இருக்கிறது. பேராசிரியர் வரைந்த கட்டத்திலேயே அது தெரிந்தது. ஒரு ஆசிரியை அதைக் கேட்டபோது, 'அது தனியாக ஒரு நாள் பேச வேண்டியது' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். தனி நாள் வரவில்லை. பள்ளிக் கலாச்சாரம் என்று பேச வருகிறவர் இதைத் தள்ளி வைக்கக் கூடாது. அவரிடம் நேரிலும் சொன்னேன். மறுக்கவில்லை.

மூன்றாம் கட்ட வருகை தள்ளித் தள்ளிப் போனது இன்னொரு குறை. தனி ஆளாகச் செய்கிறார், வயதும் ஆகிறது.

கட்டணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. போக்குவரத்துச் செலவும் தாள் செலவும் வாங்கிக்கொண்டார், எங்கள் முன்னாள் மாணவர்கள் கொடுத்தார்கள். மதியச் சாப்பாடு பிள்ளைகளோடு சத்துணவே போதும் என்று சொல்லிவிட்டார்.

கூப்பிடுகிறவர்களுக்குச் சில விஷயம். ஜூலை, ஆகஸ்டில் கூப்பிடுங்கள். திருப்புதல் தேர்வு ஆரம்பித்தபின் எந்த ஆசிரியரும் நிம்மதியாக உட்கார மாட்டார். அறிவியல் ஆசிரியர்களை மட்டும் அனுப்பாதீர்கள். பி.டி. சாரும் அலுவலக உதவியாளரும் இருந்த அரை மணி நேரத்தில்தான் விழா வேலைகளைப் பற்றி உருப்படியான பேச்சு நடந்தது. ஹெச்.எம். முழு நாளும் உட்கார வேண்டும், தொடங்கி வைத்துவிட்டு ரூமுக்குப் போனால் கால அட்டவணை மாறாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் சட்டப்படி பாதிப் பேர் பெண்கள். அவர்களில் சில அம்மாக்களையாவது கூப்பிடுங்கள், பூ எடுக்கிற நேரத்தை அவர்களிடம்தான் பேச முடியும். கவனிப்புத் தாளை நான் எளிய தமிழில் மாற்றி டைப் செய்து வைத்திருக்கிறேன், வேலை அட்டைகளும் தயாராக இருக்கின்றன. செக்கானூரணி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பள்ளிகளில் யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன்.